தொண்ணூறு நாள் விருந்தாளிகள்

உத்தியோகம் முடிந்து பென்ஷன் வாங்கத் தொடங்கியதும் காசிக்குப் போய், கங்கைக் கரையில் மிச்சக் காலத்தைக் கழித்துவிட வேண்டும் என்று நம் பெரியவர்கள் ஒரு காலத்தில் எண்ணுவதுண்டு. எண்ணியவர்கள் அநேகர், போனவர்கள் சொற்பம். ஆனால் அப்படிப் போனவர்களை எந்த அதிகாரியும் நிறுத்தி வைத்து, "உம்மிடம் எவ்வளவு பணம் இருக்கிறது? அது எந்தப் பாங்கியில் இருக்கிறது? எத்தனை மாதமாக இருக்கிறது?" என்று கேட்டதில்லை. ஒரு மரப்பெட்டியும், ஒரு செம்பும், ஏதாவது ஒரு மடத்தில் ஒரு மூலையும் இருந்தால் போதும். மீதிக் கணக்கை விசுவநாதர் பார்த்துக்கொண்டார்.

மேனாட்டு முதியவர்களுக்கும் இந்தக் காலத்தில் ஒரு காசி ஏற்பட்டிருக்கிறது. அதற்குத் தாய்லாந்து என்று பெயர். நம் பாட்டனார்கள் சயாம் என்று சொல்லி வந்தார்களே, 1939-ல் பெயர் மாறிய அதே தேசந்தான். இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களிலிருந்தும், ஜப்பானிலிருந்தும், ஐம்பது வயது தாண்டியவர்கள் அங்கே போய்த் தங்கிவிடுகிறார்கள். மோட்சத்துக்காக அல்ல, வெயிலுக்காக. குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றக் கொடுக்கும் காசில் அங்கே வாடகையே கொடுத்துவிடலாம் என்பது அவர்களுடைய கணக்கு. நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. முதுமைக்கு மரியாதை செய்யும் ஜனங்கள் இருக்கிறார்கள். வாசலிலேயே மாம்பழம் விற்கிறது. வேறென்ன வேண்டும்?

விளம்பரப் படங்களில் இந்த வாழ்வு வெகு அழகாய் இருக்கிறது. ஒரு கடற்கரை, ஒரு தென்னை மரம், ஒரு சாய்வு நாற்காலி, அதில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அந்தக் கிழவர் மடியில் ஒரு தாள்கட்டு இருக்கவேண்டும். அதை மட்டும் படம் பிடிப்பவர் விட்டுவிடுகிறார். நாம் பார்த்தது அந்தத் தாள்கட்டைத்தான்.

ஒரு பிப்ரவரி மாதத்தில் அந்தத் தேசத்தின் வட பாகத்திலுள்ள ஒரு மலையூருக்குப் போயிருந்தோம். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்குள்ள குடியேற்ற இலாகாக் காரியாலயத்தைப் பற்றிப் புகார் எழுதுகிறோம் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். நமக்கு இடங்கொடுத்த நண்பர் ஒரு முத்திரை வாங்கவேண்டியிருந்தது. அவருக்குத் துணையாகப் போய் அரை நாள் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

கதவு திறக்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே வரிசை நின்றுவிட்டது. எல்லாரும் வயோதிகர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் காகிதங்கள். பெண் பார்க்கும் வீட்டுக்கு ஜாதகக் கட்டுடன் வந்தவர்களைப் போல, அடிக்கொரு தரம் எடுத்துப் பார்ப்பதும், எண்ணுவதும், திரும்ப வைப்பதுமாக இருந்தார்கள். நமக்குப் பக்கத்தில் நின்றவர் இங்கிலீஷ்காரர். எண்பது வயது. அவர் தம் காகிதங்களை எடுத்து, கட்டை விரலால் ஓரத்தை ஒரே சீராகத் தட்டி அடுக்கிய விதத்தைப் பார்த்ததுமே நமக்குச் சந்தேகம் தட்டியது. விசாரித்தோம். சந்தேகம் சரிதான். இங்கிலாந்தின் வட பாகத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். ஈய எழுத்துக் காலம் முடிந்த பிறகு அதே இடத்தில் வேறு வேலை பார்த்து, 65-ம் வயதில், 2010-ல், ஓய்வு பெற்றவர். பிறகென்ன? நம் தொழில்காரர் ஒருவர் அகப்பட்டுவிட்டால் பேச்சுக்குப் பஞ்சமா?

அவருடைய கட்டில் முப்பத்தொரு தாள்கள் இருந்தன. விண்ணப்பப் பாரம், புகைப்படம், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கங்களின் ஜெராக்ஸ் பிரதிகள், பாங்கியின் அத்தாட்சிக் கடிதம், பாஸ்புக்கின் பன்னிரண்டு மாதப் பக்கங்கள், வீட்டுக்காரர் தம் வீட்டில் அந்நியர் ஒருவர் தங்கியிருப்பதாகச் சர்க்காருக்குத் தெரிவித்த ரசீது. கடைசியாக, வீட்டுக்கு வழி காட்டும் ஒரு படம். கோயில், குளம், பலசரக்குக் கடை எல்லாம் போட்டுத் தம் கையாலேயே வரைந்திருந்தார். ஒவ்வொரு தாளிலும் நீல மசியில் கையெழுத்து.

"பதினைந்து வருஷமாக அதே வீடு, அதே குளம். ஆனாலும் வருஷா வருஷம் வரைகிறேன். முதல் வருஷத்துக்கு இப்போது எவ்வளவோ தேவலை. குளத்தில் வாத்துக்கூடப் போட்டிருக்கிறேன், பாருங்கள்" என்றார். போட்டுத்தான் இருந்தார்.

இந்த இடத்தில் அந்தத் தேசத்து ஏற்பாட்டைச் சற்று விளக்கிவிட வேண்டும். ஓய்வு பெற்ற அந்நியருக்கு அங்கே குடியுரிமை கிடையாது; நிரந்தர வாசமும் கிடையாது. ஐம்பது வயது ஆகியிருந்தால், ஒரு வருஷம் தங்க அனுமதி உண்டு. வருஷம் முடியுமுன் மறுபடியும் விண்ணப்பித்து 1,900 பாத் கட்டணம் செலுத்தினால் இன்னும் ஒரு வருஷம். இப்படியே ஆயுள் உள்ளவரையில் வருஷம் வருஷமாக வாங்கிக்கொண்டு போகலாம். சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. 1979-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி, தொடர்ந்து தங்கும் அந்நியர் 90 நாட்களுக்கு ஒரு தரம் தாம் இன்ன விலாசத்தில் இருப்பதாக அறிவிக்க வேண்டும். நடுவில் பேத்தி கல்யாணத்துக்கு என்று சொந்த ஊருக்குப் போனால், திரும்பி வருவதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு போகவேண்டும். மறந்து போய்விட்டால் விமானம் ஏறிய கணமே வருஷ அனுமதி இரத்தாகிவிடும், ஆரம்பத்திலிருந்து தொடங்கவேண்டியதுதான். சட்டப் புத்தகங்களிலும் பாரங்களிலும் வருஷம் புத்த சகாப்தத்தில் இருக்கும். 1945-ல் பிறந்த நம் அச்சுக்கூடக்காரர் அங்கே 2488-ல் பிறந்தவர். "ஒரு கணம் நான் இன்னும் பிறக்கவே இல்லையென்று ஆறுதலாக இருக்கும்" என்றார்.

இதையெல்லாம் கேட்டுச் சிரமம் என்று சொல்லலாம். அநியாயம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது. 1855-ல் ஸர் ஜான் பௌரிங் என்பவர் விக்டோரியா மகாராணியின் தூதராகச் சயாமுக்கு வந்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு போனார். அதன்படி பிரிட்டிஷ் பிரஜை அந்த ஊரில் என்ன குற்றம் செய்தாலும் சயாம் நீதிபதி விசாரிக்க முடியாது. பிரிட்டிஷ் கான்ஸல்தான் விசாரிக்கவேண்டும். இறக்குமதிச் சாமான்களுக்கு நூற்றுக்கு மூன்றுக்கு மேல் தீர்வை வாங்கக்கூடாது. மற்ற ஐரோப்பிய தேசங்களும் வரிசையாக வந்து இதே மாதிரி எழுதி வாங்கிக்கொண்டன. இந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, முழு நீதி அதிகாரத்தையும் திரும்பப் பெறச் சயாமுக்கு 1937, 1938-ம் வருஷங்கள் வரையில் ஆயிற்று. அந்நியர் கையில் பிடிபடாமல் தப்பிய தேசம் என்று பெயர் வாங்கிய ஊரின் கதியே இது. அப்படிப்பட்ட தேசம், "ஐயா, நீர் எங்கே குடியிருக்கிறீர்?" என்று ஓர் அந்நியரை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கேட்டால் அதில் தப்பென்ன? நிலத்தை அந்நியர் வாங்கக்கூடாது என்று 1954-ம் வருஷத்து நிலச் சட்டம் சொல்வதிலும் நமக்கு ஆச்சரியம் இல்லை. அடுக்கு மாளிகையில் ஒரு பகுதி வாங்கலாம். அதுவும் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு 49-க்கு மேல் அந்நியர் கைக்குப் போகக்கூடாது. பணமும் வெளிநாட்டு நாணயமாக வந்ததென்று பாங்கி அத்தாட்சி கொடுக்க வேண்டும்.

விஷயம் முள்ளாய்க் குத்துவது பணத்தில்.

ஓய்வு பெற்றவர் தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்வார் என்பதற்கு ருசு வேண்டும். இரண்டு வழி. மாதம் 65,000 பாத் வருமானம் காட்டலாம். அல்லது அந்தத் தேசத்துப் பாங்கியில் 8 லட்சம் பாத் போட்டு வைக்கலாம். நம் நாணயத்தில் இருபது லட்ச ரூபாய்க்கு மேல். இரண்டையும் கலந்து காட்டவும் இடமுண்டு. கேட்பதற்கு எளிதாய் இருக்கிறதல்லவா? ஆனால் பாங்கிக் கணக்குத் திறப்பதே ஒரு பிரம்மப் பிரயத்தனம். பல பாங்கிக் கிளைகளில், "நீண்ட நாள் தங்கும் விஸா இருக்கிறதா? இருந்தால் கணக்குத் திறக்கலாம்" என்கிறார்கள். விஸாவுக்குப் போனால், "பாங்கியில் பணம் இருக்கிறதா? இருந்தால் விஸா தரலாம்" என்கிறார்கள். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்! ஒரு கிளையில் முடியாதென்பார்கள். அதே பாங்கியின் அடுத்த தெருக் கிளையில் காப்பி கொடுத்து உட்கார வைத்துக் கணக்குத் திறந்து தருவார்கள். மானேஜர் மனசு. ஆகையால் அங்கே பழந்தின்று கொட்டை போட்டவர்கள் புதிதாய் வருகிறவர்களுக்குச் சொல்வது, கோயில் விலாசம் அல்ல. இரக்கமுள்ள மானேஜர் இருக்கும் கிளையின் விலாசம்.

மாத வருமானம் காட்டும் வழியில் போனவர் ஒருவர் நமக்கு முன் வரிசையில் இருந்தார். அமெரிக்கர். முன்னெல்லாம் அவருடைய தேசத்து ஸ்தானிகராலயத்தில் போய், எனக்கு இவ்வளவு வருமானம் என்று பிரமாணம் செய்து கையெழுத்திட்டால் ஒரு கடிதம் கொடுத்து வந்தார்கள். அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய ஸ்தானிகராலயங்கள் 2019-ம் வருஷம் பிறக்கும்போது அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டன. ஒருவர் வருமானம் மெய்தானா என்று சோதித்து அத்தாட்சி கொடுக்கத் தங்களால் முடியாதென்று சொல்லிவிட்டன. அதன்மேல், பன்னிரண்டு மாதமும் தவறாமல் வெளிநாட்டிலிருந்து 65,000 பாத் வந்ததாகப் பாஸ்புக்கே சாட்சி சொல்லவேண்டும் என்று ஏற்பட்டது. இந்த அமெரிக்கர் தவறாமல்தான் அனுப்பினார். ஆனால் பாங்கி வழியாக அனுப்பினால் செலவு அதிகம் என்று, சல்லிசாக அனுப்பித் தரும் ஒரு கம்பெனி மூலம் அனுப்பினார். அந்தக் கம்பெனி அமெரிக்காவில் டாலரை வாங்கிக்கொண்டு, தாய்லாந்தில் தன் உள்ளூர்க் கணக்கிலிருந்து பாத்தை எடுத்துப் போட்டுவிட்டது. பணம் சரியாக வந்தது. ஆனால் பாஸ்புக்கில் விழுந்த குறி உள்ளூர் வரவு என்று இருந்தது! மேஜைக்கு எதிரே இருந்த பெண் அதிகாரி அந்தக் குறியைப் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். பன்னிரண்டு தரம் தொட்டாள். மாதம் இருநூறு பாத் மிச்சம் பிடித்தவர் முகத்தைப் பார்க்க நமக்குப் பாவமாக இருந்தது. பாங்கிக்கு ஓடி, ஒவ்வொரு வரவும் எங்கிருந்து கிளம்பியது என்று எழுதி வாங்கிவரச் சொன்னார்கள். அவர் போனார். நாம் இருந்த வரையில் திரும்பவில்லை.

நம் நண்பருக்கு மாத வழி சரிப்படாது. அவருடைய பென்ஷன் கதை தனிக் கதை. 2010-ல் இங்கிலாந்து சர்க்கார் கொடுத்த முழு அடிப்படைப் பென்ஷன் வாரத்துக்கு 97 பவுண்டு 65 பென்ஸ். அவருக்கு இன்றும் அதே 97 பவுண்டு 65 பென்ஸ்தான். சொந்த ஊரிலேயே இருந்திருந்தால், அதே பென்ஷன் வருஷந்தோறும் ஏறி, 2025-26-ல் 176 பவுண்டு 45 பென்ஸ் ஆகியிருக்கும். வெளிதேசத்தில் வசிக்கும் பென்ஷன்காரர்களுக்குச் சில தேசங்களில் மட்டுமே வருஷ உயர்வு உண்டு. பக்கத்திலுள்ள பிலிப்பைன்ஸில் உண்டு, அமெரிக்காவில் உண்டு, தாய்லாந்தில் இல்லை, நம் இந்தியாவிலும் இல்லை, காமன்வெல்த் சகோதரர்களான கானடா, ஆஸ்திரேலியாவிலும் இல்லை! இதற்கு நியாயம் என்ன என்று அவரிடம் கேட்டோம். "பதினைந்து வருஷமாக நானும் கேட்கிறேன். நீங்கள் பத்திரிகைக்காரர், உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்" என்றார்.

போதாததற்கு நாணய மாற்று. அவர் வந்த சமயத்தில் ஒரு பவுண்டுக்கு ஐம்பது பாத் அளவில் கிடைத்தது. அதற்கு நாலு வருஷம் முந்தி வந்தவர்கள் எழுபது பாத் வரையில் பார்த்தவர்கள். 2019 ஆகஸ்டில் நாற்பதுக்கும் கீழே போயிற்று. பென்ஷன் அசையாமல் நிற்கிறது. அரிசியும் வாடகையும் அசைகின்றன. ஆகவே, ஊரில் இருந்த சிறு வீட்டை விற்ற பணத்தில் 8 லட்சம் பாத்தைப் பாங்கியில் போட்டு வைத்திருக்கிறார்.

"அந்தப் பணம் என்னுடையது என்றுதான் பாஸ்புக்கில் போட்டிருக்கிறது. நான் அதற்குக் காவல்காரன், அவ்வளவுதான்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்றால், 2019 மார்ச் முதல் வந்த விதி அப்படி. விண்ணப்பிப்பதற்கு முன் இரண்டு மாதமும், அனுமதி கிடைத்த பின் மூன்று மாதமும் 8 லட்சத்தில் ஒரு பாத்கூடக் குறையக்கூடாது. மற்ற மாதங்களில் எடுக்கலாம். ஆனால் எந்த நாளிலும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. ஆக, நாலு லட்சம் என்றென்றைக்கும் தொட முடியாத பணம். பாங்கி முறிந்து போனால் போட்ட பணத்துக்கு என்ன கதி என்ற பயம் வேண்டாம். 2021 ஆகஸ்டிலிருந்து ஒரு பாங்கியில் ஒருவருக்குப் பத்து லட்சம் பாத் வரையில் சர்க்கார் ஸ்தாபனம் பொறுப்பேற்றிருக்கிறது. பயப்பட வேண்டியது பாங்கி முறிவதைப் பற்றியல்ல. எலும்பு முறிவதைப் பற்றி.

வரிசையில் காத்திருந்தபோது அவர் தம் சிநேகிதர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். பெயர் வேண்டாம். அவரும் இங்கிலீஷ்காரர், எழுபத்தேழு வயது, மனைவியை இழந்தவர், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். இருவரும் தினம் சாயங்காலம் சதுரங்கம் ஆடுவார்கள். அந்த மனிதர் வருஷ அனுமதி வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் மார்வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இருதய ரத்தக் குழாயில் அடைப்பு. உடனே செய்தாக வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். நல்ல டாக்டர்கள், நன்றாகவே செய்தார்கள். இன்ஷ்யூரன்ஸ் இல்லை. எழுபது வயதுக்கு மேல் புதிதாய் எடுப்பதென்றால் கம்பெனிக்காரர்கள் கேட்கும் தொகையும், இன்னின்ன வியாதிக்குக் கொடுக்கமாட்டோம் என்று போடும் பட்டியலும் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. வெளிதேசத்திலிருந்தே நீண்ட நாள் விஸா வாங்கி வருகிற ஒரு வகையினருக்கு 2019 அக்டோபர் 31 முதல் இன்ஷ்யூரன்ஸ் கட்டாயம். தொகை அதன்பின் மாறிக்கொண்டு வந்திருக்கிறது. இவர் வேறு வகை, கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததை யார் செய்வார்?

ஐந்து லட்சம் பாத் செலவாயிற்று. பாங்கியில் எடுத்துக் கட்டினார். உயிர் பிழைத்தார். பாஸ்புக்கில் மூன்று லட்சம் நின்றது.

அடுத்த வருஷம் இருவரும் சேர்ந்துதான் காரியாலயத்துக்குப் போயிருக்கிறார்கள். மருமகன் எப்படியோ கடன் வாங்கி அனுப்பி, கணக்கில் மறுபடி 8 லட்சம் நிரம்பியிருந்தது. ஆனால் பன்னிரண்டு மாதப் பக்கங்களையும் பார்க்கிறார்கள் அல்லவா? நடுவில் விழுந்த பள்ளம் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி ரசீதைக் காட்டினார். அதிகாரி அதை முழுவதும் படித்தார். சிரமத்துடன் கைகூப்பினார். விதி விதிதான். வெளியே போய்ப் புதிதாய் விஸா வாங்கிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து வரலாம் என்று வழியும் சொன்னார். மருமகன் பணத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான். மனிதருக்கு விமானத்தில் இரண்டு தரம் ஏறி இறங்கத் தெம்பும் இல்லை. ஒரு தரம் ஏறினார். இங்கிலாந்தில் வீடு இல்லை, விற்றாகிவிட்டது. நகரசபை நடத்தும் முதியோர் விடுதி ஒன்றில் இருக்கிறார். செல்போனில் சதுரங்கம் ஆடுகிறார்கள். ஆனால் இங்கே சாயங்காலம் என்றால் அங்கே இன்னும் காலை பத்து, பதினொன்று மணி. "அவன் காலையில் நன்றாக ஆடமாட்டான். தொடர்ந்து ஜயித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை" என்றார் நம் நண்பர்.

நாம் அன்று முழுவதும் இதை யோசித்துக்கொண்டிருந்தோம். வந்தவன் சர்க்கார் மேல் பாரமாக விழாமல் இருப்பதற்காக வைக்கச் சொன்ன பணம் அது. வியாதி வந்து அந்தப் பணத்தாலேயே வைத்தியம் செய்துகொண்டு, ஒருவருக்கும் பாரமில்லாமல் பிழைத்து எழுந்தவனை, பணம் குறைந்துவிட்டதே என்று வெளியே அனுப்புகிறது விதி. எரிகிற வீட்டை அணைக்கத் தண்ணீர் இறைத்தவனிடம், கிணற்றில் நீர் மட்டம் குறைந்ததற்கு விளக்கம் கேட்ட மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரி ரசீதும் டாக்டர் அத்தாட்சியும் உள்ள செலவுக்கு மட்டும் ஆறு மாதத் தவணை கொடுத்து, அதற்குள் நிரப்பச் சொன்னால் அந்தத் தேசத்துக்கு ஒரு நஷ்டமும் வராது. விருந்தாளி கேட்க முடியாத கேள்வி இது; ஓட்டு இல்லாதவன் யாரிடம் கேட்பான்? தரகர்கள் சிலர் இந்த இடத்தில்தான் கடை விரித்திருக்கிறார்கள். குறைந்த பணத்தைச் சில நாள் கணக்கில் நிரப்பிக் காட்டி எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அழைக்கிறார்கள். அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவேண்டாம். அகப்பட்டால் தரகருக்கு ஊர் உண்டு, முதியவருக்கு இல்லை.

இன்னும் இரண்டு விஷயம் சுருக்கமாய். 2024 ஜனவரி முதல், வருஷத்தில் 180 நாள் அங்கே தங்குகிறவர் வெளிநாட்டில் சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் பணம், எந்த வருஷத்தில் கொண்டுவந்தாலும் வருமான வரிக் கணக்கில் வருகிறது. அதற்கு முந்திய வருஷங்களில் சம்பாதித்ததற்கு விலக்கு உண்டு. இரண்டாவது, மரணம். கணக்குக்காரர் காலமானார் என்று தெரிந்ததும் பாங்கி கணக்கை நிறுத்திவிடும். கோர்ட்டார் ஒருவரைச் சொத்து நிர்வாகியாக நியமித்து உத்தரவு போடும் வரையில் மனைவியானாலும் தொட முடியாது. ஏ.டி.எம். அட்டையும் ரகசிய எண்ணும் கையில் இருக்கிறதே என்று எடுத்தால் அது குற்றம். அந்தத் தேசத்துச் சட்டப்படி, அந்தப் பாஷையில், அங்குள்ள சொத்துக்கு மட்டும் தனியாக ஓர் உயில் எழுதி வைப்பதே விவேகம். நம் அச்சுக்கூடக்காரர் எழுதியிருக்கிறார். முப்பத்தொரு தாளில் அது சேரவில்லை. அது வேறு உறையில் இருக்கிறது.

நம்மவர்களில் சிலருக்கும் இந்த ஆசை மெல்லத் தலை தூக்கியிருக்கிறது. பாங்காக்கில் ஸீலோம் தெருவில் நம் தமிழர் 19-ம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, சாம்பாருக்கும் பஞ்சமில்லை, பிள்ளை சிங்கப்பூரில் இருந்தால் இரண்டரை மணி நேரப் பிரயாணம். சென்னையிலேயே தாய்லாந்துக் கான்ஸல் காரியாலயமும் உண்டு. போக நினைப்பவர்கள் நம் பக்கத்துச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே வசிப்பவர் ஒரு நிதி வருஷத்தில் 2,50,000 டாலர் வரையில் வெளியே அனுப்ப ரிஸர்வ் பாங்கி இடங்கொடுத்திருக்கிறது. அதில் தடை இல்லை. ஆனால் நீண்ட நாள் தங்க என்று அயல்தேசம் போய்விட்டால், ஊரில் இருக்கும் சாதாரண ஸேவிங்ஸ் கணக்கை அப்படியே வைத்திருக்கக்கூடாது. பாங்கியில் சொல்லி வெளிநாட்டு வாசிகளுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். பென்ஷன் அதிலேயே விழும். மாற்றாமல் விட்டவர்கள் அநேகர். வருமான வரிக் கணக்கில் ஒன்றும் பாங்கிக் கணக்கில் வேறொன்றுமாக எழுதிவிட்டுப் பிற்பாடு முழிக்கிறார்கள். நவம்பர் மாதத்தில் நாம் உயிரோடிருக்கிறோம் என்று எழுதிக் கொடுக்கும் சம்பிரதாயம் நம் வாசகர் வீடுகளில் தெரியாததல்ல. 2014 முதல் அதைக் கைரேகை வைத்தும் செய்யலாம். அயல்தேசத்தில் ஓய்வு பெற்றவர் அதை ஒரு சர்க்காருக்குச் செய்துவிட்டு, இன்ன இடத்தில் உயிரோடிருக்கிறோம் என்று இன்னொரு சர்க்காருக்கு வருஷத்தில் நாலு தரம் சொல்லவேண்டும்.

பதினொன்றரை மணிக்கு நம் நண்பரைக் கூப்பிட்டார்கள். "லுங்" என்று கூப்பிட்டாள் அந்த அதிகாரி. பெரியப்பாவுக்கும் பெரிய மாமாவுக்கும் அந்தப் பாஷையில் அது ஒன்றே சொல். அவர் எழுந்து, தாள்களை மறுபடி ஒரு தரம் தட்டி அடுக்கிக்கொண்டு போனார். அவள் ஒவ்வொரு தாளாய்த் திருப்பினாள். பாஸ்புக் பக்கங்களில் விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். விரல் ஓரிடத்திலும் நிற்கவில்லை. வழிப்படத்துக்கு வந்ததும் தலையைத் தூக்கி ஏதோ கேட்டாள். வாத்து போன வருஷம் இல்லையே என்று கேட்டாளாம்.

முத்திரை விழுந்தது. 90-வது நாள் எது என்று குறித்த சிறு துண்டுக் காகிதத்தைப் பாஸ்போர்ட்டில் ஊசியால் குத்திக் கொடுத்தாள். அவர் வெளியே வந்து, மரத்தடியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து டயரியை எடுத்து அந்தத் தேதியை எழுதினார். பிறகு செல்போனை எடுத்து மணியைப் பார்த்தார். இங்கிலாந்தில் அதிகாலை நாலரை. இன்னும் ஐந்து மணி நேரம் கழித்துக் கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டு, நம்மைச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனார்.